நீர்மூழ்கிக் கப்பலின் ரைட்டர்: அமெரிக்கக் கடற்படையில் யோமன் வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு ரைட்டர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போவார், எஸ்.ஐ. வருவார் போவார். எந்தப் புகார் எந்தக் கட்டில் கிடக்கிறது, யாருடைய கையெழுத்து இன்னும் பாக்கி என்பது ரைட்டருக்குத்தான் தெரியும். இந்தியக் கடற்படையிலும் எழுத்து வேலை பார்க்கும் மாலுமிகளை நெடுங்காலம் ரைட்டர் என்றுதான் அழைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையில் இதே ஆளுக்கு யோமன் என்று பெயர். குறுக்காக வைத்த இரண்டு இறகுப் பேனாக்கள் அவருடைய சின்னம்.

இந்த வழிகாட்டி அந்த யோமன்களில் ஒரு சிறு பிரிவைப் பற்றியது: நீர்மூழ்கிக் கப்பலில் போகிறவர்கள். அமெரிக்காவின் போர் நீர்மூழ்கிகள் எல்லாமே இன்று அணுசக்தியில் ஓடுபவை. தாக்குதலுக்கான வர்ஜீனியா வகைக் கப்பலில் 130 பேருக்குச் சற்று மேல் இருப்பார்கள், ஏவுகணை சுமக்கும் ஒஹாயோ வகையில் 150 பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் சேர்த்து யோமன்கள் ஒன்றிரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். விடுப்பு, பதவி உயர்வு, பதக்கம், தண்டனை, வாரிசுதாரர் விவரம் என்று எந்தக் காகிதமானாலும் அவர்கள் கை வழியாகத்தான் போக வேண்டும்.

கரையில் இருக்கும் ஆபீசில் ஒரு தேதி தப்பாக விழுந்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். ஒஹாயோ வகை ஏவுகணைக் கப்பல் ஒருமுறை கிளம்பினால் சராசரியாக 77 நாள் கழித்துத்தான் துறைமுகத்துக்குத் திரும்புகிறது. அந்த 77 நாளும் அந்தத் தப்பின் விளைவைக் கரையில் இருக்கும் ஒரு மாலுமியின் மனைவியோ தாயோ தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் கப்பலின் நுழைவாயில் மூடியான ஹேட்ச் சாத்தப்படும் முன்னால் எல்லாவற்றையும் சரியாக எழுதி முடித்திருக்க வேண்டும். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் வளர்ந்து, பள்ளி முடித்து, இப்படி ஒரு வேலையை யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளையும், அவர்களைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கையெழுத்துப் போடும் முன் ஒரு கப்பலுக்குள் போய்ப் பாருங்கள்

கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டன் நகரில் யுஎஸ்எஸ் நாட்டிலஸ் நிற்கிறது. 1954இல் கடற்படையில் சேர்ந்த, உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி. இன்று அது அருங்காட்சியகம், அனுமதி இலவசம். விளக்கப் பலகை, சுற்றுலா எல்லாம் இரண்டாம்பட்சம். உள்ளே இறங்கி, நடைபாதையில் எதிரே ஒருவர் வரும்போது இருவரும் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டியிருக்கிறதா, அப்போது உங்களுக்கு மூச்சு முட்டுகிறதா, அதை மட்டும் கவனியுங்கள். மேலே ஏறி வந்ததும் "அப்பாடா" என்று தோன்றினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். நீர்மூழ்கிப் பணிக்கு அமெரிக்காவில் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, எல்லோரும் விரும்பி வந்தவர்கள்தான். கரையிலோ மேற்பரப்புக் கப்பலிலோ யோமனாக இருப்பதும் நல்ல வேலைதான்.

இன்றைய கப்பல்கள் நாட்டிலஸைவிடப் பெரியவை. வர்ஜீனியா வகை 377 அடி, ஒஹாயோ வகை 560 அடி. ஆனால் அந்த நீளத்தில் பெரும்பகுதி உலை, இயந்திரம், ஆயுதம். மனிதர்களுக்கு மிச்சம் விட்டது கொஞ்சம்தான். தாக்குதல் வகைக் கப்பல்களில் இளம் மாலுமிகள் ஒரே படுக்கையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதும் உண்டு: ஒருவர் எழுந்து போகும்போது மெத்தை இன்னும் சூடாக இருக்கும், அடுத்தவர் வந்து படுப்பார்.

பெண்களும் இதைப் படியுங்கள். 1917 மார்ச் மாதம் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த முதல் பெண் லொரெட்டா வால்ஷ் யோமனாகத்தான் சேர்ந்தார். ஆனால் நீர்மூழ்கிக் கதவு திறக்க அதற்கப்புறம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 2010இல் தடை நீங்கியது, முதலில் பெண் அதிகாரிகள் போனார்கள், 2016இல்தான் பெண் மாலுமிகள் யுஎஸ்எஸ் மிஷிகன் கப்பலில் ஏறினார்கள். ஆண், பெண் இருவரும் சேர்ந்து பணிபுரிவதை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பலான யுஎஸ்எஸ் நியூ ஜெர்சி 2024 செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. எல்லாக் கப்பலிலும் பெண்களுக்கு இடவசதி இல்லை என்பதால் வாய்ப்புகள் இன்னும் குறைவு. படைக்கு ஆள்சேர்க்கும் ரெக்ரூட்டரிடம் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 2: குடியுரிமை, பெயர், ஊர் உறவுகள்

நம் வீடுகளில் சிக்கல் வருவது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் அமெரிக்கக் கடற்படையில் சேரலாம். ஆனால் நீர்மூழ்கி யோமனாக முடியாது. ரகசிய ஆவணங்கள் கையில் வரும் வேலை என்பதால் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அந்த அனுமதி குடிமக்களுக்குத்தான். கிரீன் கார்டில் வேறு பிரிவில் சேர்ந்து, பணியில் இருந்துகொண்டே குடியுரிமை வாங்கி, அப்புறம் இந்தப் பிரிவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். நீண்ட பாதை, ஆனாலும் பாதைதான்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்த நீண்ட பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் முன்னும் பின்னும் மாறிய பெயர் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்த நம் ஆட்கள் பலருக்கு விசாவில் 'எஃப்என்யு' என்று அச்சாகி வந்திருக்கிறது. முதல் பெயர் தெரியாது என்று அதற்குப் பொருள். இதையெல்லாம் ரெக்ரூட்டரைப் பார்க்கும் முன்பே நேர்செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ் அல்லது குடியுரிமைச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிமேல்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். பெயர் தப்பாக எழுதப்பட்டதால் ஜன்னல் ஜன்னலாக அலைந்த அனுபவம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? நாளைக்கு யோமன் மேசையில் உட்காரும்போது அந்த அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும்.

மூன்றாவது, எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம். பாதுகாப்பு அனுமதிக்கான கேள்வித்தாள் இது. கடந்த 10 ஆண்டுகளில் குடியிருந்த இடங்கள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் பிறந்த ஊரும் குடியுரிமையும், கடந்த 7 ஆண்டுகளில் போன வெளிநாட்டுப் பயணங்கள், தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவர்கள், வெளிநாட்டில் உள்ள சொத்து எல்லாம் கேட்பார்கள். மதுரையில் இருக்கும் பெரியம்மாவிடம் வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேசினால் அதுவும் தொடர்புதான். தாத்தா உங்கள் பெயரில் எழுதிவைத்த அரை ஏக்கர் நிலமும் சொத்துதான். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊரில் உறவினர்கள் இருப்பதாலேயே யாரையும் ஒதுக்கிவிடுவதில்லை. மறைத்தது தெரியவந்தால்தான் ஆபத்து. ரெக்ரூட்டரே "இதை எழுதாமல் விட்டுவிடு" என்று சொன்னாலும் எழுதுங்கள். கீழே கையெழுத்து உங்களுடையது.

ஒரு யோசனை: இந்த விவரங்களை எல்லாம் பள்ளிக் கடைசி ஆண்டிலேயே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பழைய பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துப் பயணத் தேதிகள், சித்தப்பா, அத்தைமாரின் பிறந்த தேதிகள், பழைய வீட்டு முகவரிகள். கடைசி நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

படி 3: ரெக்ரூட்டர், தேர்வு, ஒப்பந்தம்

17 வயது ஆனவர் பெற்றோர் சம்மதத்தோடு சேரலாம், 18 ஆகிவிட்டால் சம்மதம் தேவையில்லை. ஆஸ்வாப் என்ற தேர்வை எழுத வேண்டும். யோமன் வேலைக்கு ஆங்கிலச் சொல்வளமும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் முக்கியம், கணக்கைக் கைவிடவும் கூடாது. பிறகு மெப்ஸ் எனப்படும் மையத்தில் உடல் பரிசோதனை. நீர்மூழ்கிக்கென்று தனிச் சோதனைகள் உண்டு. காதில் அழுத்தம் ஏறினால் அதைச் சமன்செய்ய முடியாதவர்களும், அடைபட்ட இடத்தில் பயம் உள்ளவர்களும் தேறுவது கடினம். சிறு வயது ஆஸ்துமாவையோ பழைய அறுவைச் சிகிச்சையையோ இங்கேயும் மறைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் செல்லும். "போனதும் மாற்றிக்கொள்ளலாம்", "அங்கே சொல்லிவிடுவேன்" போன்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தின் இணைப்புப் பக்கத்தில் நீர்மூழ்கி யோமன் என்ற பிரிவு தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மொத்தக் கடமை 8 ஆண்டு. அதில் சில ஆண்டுகள் முழுநேரப் பணி, மீதி ரிசர்வ், அதாவது தேவைப்பட்டால் அழைக்கப்படும் இருப்புப் படை. எத்தனைக்கு எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் உடனே கிளம்ப மாட்டீர்கள், சில மாதம் காத்திருப்புப் பட்டியலில் வைப்பார்கள். அந்தக் காலத்தில் மனம் மாறினால் விலக வழி உண்டு. பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அது அவ்வளவு எளிதல்ல. எழுத்தர் வேலைக்குப் போகிறவர் தன் முதல் காகிதத்தையே வாசிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

படி 4: பயிற்சி

இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் தளத்தில் அடிப்படைப் பயிற்சி, ஒன்பது பத்து வாரம். அணிவகுப்பு, நீச்சல், தீயணைப்பு, துப்பாக்கி. நீச்சல் தெரியாதவர்கள் ஊரிலேயே கற்றுக்கொண்டு போங்கள், நிம்மதியாக இருக்கும். யோமன் தொழிற்பயிற்சியில் கடிதம் எழுதுவது, கோப்பு வைப்பது, விடுப்பு, பயணம், சட்டப் படிவங்கள் பற்றிச் சொல்லித் தருவார்கள். தட்டச்சு வேகத்தை இதற்கு முன்பே கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கட்டம் கிராட்டனில் நீர்மூழ்கிப் பள்ளி. குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடும் அறைக்குள் விட்டு, அடைக்கச் சொல்வார்கள். புகை நிறைந்த அறையில் தீயணைக்கச் சொல்வார்கள். தப்பிக்கும் உடையை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து மேலே வரும் பயிற்சியும் உண்டு. "டைப் அடிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு கணம் தோன்றலாம். கடலுக்கடியில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. எந்த வேலைக்கு வந்தவரானாலும் அந்த நேரத்தில் ஹோஸைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: முதல் கப்பலும் டால்ஃபினும்

உள்ளே இருப்பவர்கள் தங்கள் நீர்மூழ்கியை 'போட்' என்றுதான் சொல்வார்கள், எவ்வளவு பெரியதானாலும். புதிதாக வந்தவருக்கு அங்கே மரியாதை உடனே கிடைக்காது. காற்று, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் செலவழிக்கிறவர், இன்னும் திருப்பித் தராதவர் என்ற கணக்கு. கொஞ்ச காலம் சமையலறையில் தட்டுக் கழுவவும் பரிமாறவும் விடுவார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேருடைய முகமும் பெயரும் மனதில் பதியும், யோமனுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அப்புறம் தகுதி அட்டை. கப்பலின் ஒவ்வொரு அமைப்பையும் படித்து, அதைப் பராமரிக்கிறவரிடம் போய் விளக்கி, அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். ஹைட்ராலிக்ஸ் எங்கே ஓடுகிறது, எடையைச் சமன்செய்யும் தொட்டிகள் எங்கே, ஆக்ஸிஜன் எப்படித் தயாராகிறது, அவசரக் காற்று முகமூடியைச் செருகும் குழாய்முனைகள் எங்கெங்கே என்று எல்லாம் தெரிய வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்ஸிஜன் எடுக்கிறார்கள். மூச்சில் வரும் கரியமில வாயுவை அமீன் என்ற வேதிப்பொருள் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த அமீனின் வாடை துணியில் ஏறிவிடும். வீடு திரும்பியவரின் பையைத் திறந்ததுமே வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

முகமூடி விஷயம் விளையாட்டல்ல. இருட்டில், புகையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த குழாய்முனையைக் கையால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் படுக்கையிலிருந்து ஆபீஸ் வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகுங்கள்.

எல்லாக் கையெழுத்தும் வாங்கி, கடைசியில் வாய்மொழித் தேர்வில் தேறினால் நெஞ்சில் வெள்ளி நிற டால்ஃபின் சின்னம் குத்துவார்கள். அதிகாரிகளுக்குத் தங்க நிறம். ஏறக்குறைய ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆபீஸ் வேலையைச் சாக்கு வைத்து இதைத் தள்ளிப்போடும் யோமன்கள் பின்னால் வருந்துவார்கள். டால்ஃபின் இல்லாத யோமன் எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் கப்பலில் அவர் பேச்சு எடுபடாது. தினமும் ஒரு மணி நேரமாவது இதற்கென்று ஒதுக்குங்கள்.

படி 6: ஆபீஸ்

ஆபீஸ் என்றதும் மேசை, ஜன்னல் என்று கற்பனை செய்யாதீர்கள். நம்மூர்ப் பெட்டிக்கடையின் உட்புறம் அளவுக்கு ஓர் அறை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா அலமாரியும் கைக்கெட்டும். வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் "ஒரு நிமிஷம்" என்று நிற்பார்.

உங்கள் நேரடி மேலதிகாரி எக்ஸ்ஓ, அதாவது கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். கப்பலின் நிர்வாகம் அவர் பொறுப்பு, அவருடைய கையாக இருப்பவர் யோமன். மாலுமிகளில் மூத்தவரைக் 'காப்' என்பார்கள். ஆட்கள் விஷயத்தில் அவரிடம் கேட்காமல் எதையும் நகர்த்தாதீர்கள்.

கடிதம் எழுதுவதில் கடற்படைக்கு ஒரு கறாரான முறை உண்டு. நான்கு பக்கமும் ஓர் அங்குல இடைவெளி. மேலே பொருள் வகையைச் சொல்லும் எண். பிறகு யாரிடமிருந்து, யாருக்கு, யார் வழியாக, பொருள், பார்வை, இணைப்பு என்ற வரிசை. அன்புள்ள என்றோ இப்படிக்கு என்றோ கிடையாது. நம் அரசு அலுவலகக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு 'பொருள்', 'பார்வை' எல்லாம் பழக்கமானதுதான். 'வழியாக' என்ற வரியை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். அதில் ஒரு அதிகாரியை விட்டுவிட்டால் கடிதம் முழுச் சுற்று சுற்றித் திரும்பி வரும்.

இனி மதிப்பீட்டு அறிக்கை. யோமனின் ஆண்டில் பாதியைத் தின்பது இதுதான். ஒவ்வொரு மாலுமிக்கும் குறிப்பிட்ட நாளில் அறிக்கை போக வேண்டும். மாலுமிகளின் தரத்தை இ-4, இ-5 என்று எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் தரம் உயரும். இ-4 தரத்துக்கு ஜூன் 15, இ-5க்கு மார்ச் 15, இ-6க்கு நவம்பர் 15. பண்புகளுக்கு 1.0 முதல் 5.0 வரை மதிப்பெண். 'முன்கூட்டியே உயர்த்தலாம்' என்ற மிக உயர்ந்த பரிந்துரையை ஒரே தரத்தில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் தர முடியும். யாருக்குத் தருவது என்பது அதிகாரிகள் முடிவு. தேதிகள் உங்கள் பொறுப்பு.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு மாலுமியின் முந்தைய அறிக்கை மார்ச் 15இல் முடிகிறது. புதிய அறிக்கை மார்ச் 16இல் தொடங்க வேண்டும். அவசரத்தில் யாரோ 17 என்று அடித்துவிட்டார். திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மாலுமியின் பதிவில் ஒருநாள் இடைவெளி விழுந்துவிட்டது, அந்த ஒருநாள் அவர் எங்கே இருந்தார் என்பதற்குக் கணக்கில்லை. பின்னாளில் பதவி உயர்வுக் குழுவின் முன் அவர் கோப்பு போகும்போது அந்த ஓட்டை அங்கே தெரியும். அவருக்கோ அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைத் தவிர்க்க ஒரே வழி, பழைய அறிக்கையை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வைத்து, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுவது. பெயர், தரம், எண், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. பிறகு வேறொருவரிடம் கொடுத்து அதையே மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

படி 7: கிளம்புவதற்கு முந்தைய வாரம்

யோமன் நல்லவரா சுமாரானவரா என்பது இந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

முதலில், ஒவ்வொரு மாலுமியையும் நேரில் கூப்பிட்டு அவருடைய அவசரத் தகவல் பதிவைத் திறந்து காட்டுங்கள். இன்று இது எல்லாம் கணினியில் இருக்கிறது. ஏதாவது நேர்ந்தால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், இறப்பு உதவித்தொகை யாருக்கு, மனைவி, குழந்தைகளின் முகவரி என்ன என்பதெல்லாம் அதில்தான். படைவீரர் ஆயுள் காப்பீட்டில் அதிகபட்சத் தொகை 2023 மார்ச் முதல் 5 லட்சம் டாலர். விவாகரத்து ஆகி மூன்று வருடம் கழிந்தும் பழைய மனைவியின் பெயரையே வாரிசுதாரராக வைத்திருக்கும் மாலுமிகள் உண்டு, வேண்டுமென்று அல்ல, மறந்துபோய். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று நின்றபடியே சொல்கிறவரை உட்காரவைத்துப் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தப்பு கண்ணில் படும்.

இரண்டாவது, கடலில் இருக்கும்போது கெடு முடியப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். மதிப்பீட்டு அறிக்கைகள், பதவி உயர்வுத் தேர்வு விண்ணப்பம், பணி நீட்டிப்பு, மாற்றல் உத்தரவு. இவற்றைக் கிளம்பும் முன்பே முடித்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, கப்பலில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல். கிளம்பும் முன் இதைத் தயாரித்துக் கரையில் ஒப்படைக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சாதாரண வருகைப் பதிவு போல இருக்கும். 1963 ஏப்ரல் 10 அன்று யுஎஸ்எஸ் த்ரெஷர் ஆழச் சோதனையின்போது மூழ்கியது. உள்ளே இருந்த 129 பேரும் இறந்தார்கள். அதில் 17 பேர் கடற்படையினர் அல்ல, சோதனைக்காகக் கூடப் போன சிவிலியன்கள். அந்தக் கப்பலைச் சேர்ந்த சில மாலுமிகள் அன்று வேறு காரணங்களால் கரையிலேயே இருந்துவிட்டார்கள். எந்த வீட்டுக்குச் செய்தி போக வேண்டும், எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பதை அப்படிப்பட்ட இரவில் அந்தப் பட்டியலைத் தவிர வேறு எதை வைத்துச் சொல்வது? ஆகவே கடைசி நிமிடத்தில் கருவி பழுதுபார்க்க ஏறிய ஒப்பந்தக்காரர், காய்ச்சலால் இறங்கிய சமையல்காரர், ஒருவரையும் விடாமல் எழுதுங்கள். ஆட்களை நேரில் எண்ணுங்கள். நேற்றைய பட்டியலில் திருத்தம் போடாதீர்கள், புதிதாக எழுதுங்கள்.

படி 8: கடலுக்கடியில்

2014 முதல் அமெரிக்க நீர்மூழ்கிகள் 24 மணி நேர நாளுக்கு மாறத் தொடங்கின: எட்டு மணி நேரம் காவல், அதாவது கப்பலை இயக்கவும் கண்காணிக்கவும் முறைவைத்துப் பார்க்கும் பணி, மீதியில் வேலை, படிப்பு, தூக்கம். அதற்கு முன்பு ஆறு மணி நேரக் காவலோடு 18 மணி நேரத்தையே ஒரு நாளாக வைத்து ஓட்டினார்கள். யோமனுக்கும் காவல் முறை உண்டு. பழைய வகைக் கப்பல்களில் சுக்கான் பிடிக்கும் இருக்கையில் இளம் யோமன் உட்கார்ந்து கப்பலை ஓட்டுவது சகஜம். துறைமுகத்தில் இருக்கும்போது மேல்தளத்தில் துப்பாக்கியோடு காவல் நிற்க வேண்டியும் வரும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆபீஸ் வேலை. தூக்கத்தைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். தூங்காத கண்ணுக்கு 16, 17 வித்தியாசம் தெரியாது.

இரண்டு மூன்று வாரத்தில் பச்சைக் காய்கறியும் பழமும் தீர்ந்துவிடும். நீண்ட பயணம் என்றால் டின் உணவை நடைபாதைத் தரையில் அடுக்கி, அதன் மேலேயே நடப்பார்கள். சாப்பிடச் சாப்பிடத் தரை இறங்கும். சைவமாக வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமான இடம். சோறு, பீன்ஸ், ரொட்டி, முட்டை என்று சமாளிக்கலாம், ஆனால் தனிச் சமையல் கிடையாது. இதை வீட்டிலேயே யோசித்துவிட்டு வாருங்கள்.

வீட்டுத் தொடர்பு: பனிப்போர்க் காலத்தில் ஏவுகணைக் கப்பல் மாலுமிக்கு வீட்டிலிருந்து சில டஜன் சொற்களில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். பதில் அனுப்ப முடியாது. கெட்ட செய்தி இருந்தால் வடிகட்டிவிடுவார்கள். இப்போது மின்னஞ்சல் உண்டு. ஆனால் கப்பல் ஒளிந்திருக்க வேண்டிய நாட்களில் ஒன்றும் போகாது, ஒன்றும் வராது. அம்மாக்களுக்கு நான் சொல்வது: பதில் வரவில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள் அல்ல. கப்பல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பயணம் முடிந்த இரவைக் கொண்டாடுவார்கள். அந்த இரவில் எல்லோருக்கும் மனசு கொஞ்சம் இளகியிருக்கும். பதக்கப் பரிந்துரைகளை எழுத வேண்டிய தலைமை மாலுமிகளைப் பிடித்து, "அவர் செய்ததை உங்க வாயாலயே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை. கரை சேர்ந்தபின் கேட்டால் எல்லாம் மறந்துபோயிருக்கும்.

வாய் திறக்கக் கூடாத விஷயங்கள்

கப்பலில் ஒருவர் தவறு செய்தால் கேப்டன் முன் விசாரணை நடக்கும். கரையில் பணிபுரிகிறவர் இந்த விசாரணை வேண்டாம், ராணுவ நீதிமன்றத்துக்கே போகிறேன் என்று சொல்லலாம். கப்பலில் இருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. அதனால் யோமன் தயாரிக்கும் குற்றச்சாட்டுப் படிவத்தில் ஒரு சொல் பிசகினாலும் அது ஒரு மனிதரின் சம்பளத்திலும் தரத்திலும் போய் விழும். அதில் இருப்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். சாப்பாட்டு மேசையில் எதிரே அதே மனிதர் உட்கார்ந்திருப்பார். முகத்தில்கூடக் காட்டக் கூடாது. யாருக்கு மாற்றல், யாருக்கு விவாகரத்து, யாருக்குக் கடன் என்பதும் அப்படித்தான்.

ரகசியக் காப்பில் சின்னத் தவறு என்று ஒன்று இல்லை. 2009இல் யுஎஸ்எஸ் அலெக்சாண்ட்ரியா கப்பலில் ஒரு மாலுமி தன் கைபேசியில் உள்ளே ஆறு படங்கள் எடுத்தார். 2016இல் அவருக்கு ஓராண்டு சிறை. பிறகு மன்னிப்பு கிடைத்தாலும் வாழ்க்கை பழைய இடத்துக்குத் திரும்பிவிடுமா? கிளம்பும் தேதியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே வகைத் தவறுதான். அத்தை, மாமா எல்லோரும் இருக்கும் குழுவில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

படி 9: அடுத்த தரமும் வெளியே வருவதும்

இ-5, இ-6 தரங்களுக்கு உயர்வதில் தேர்வு மதிப்பெண்ணும் மதிப்பீட்டு அறிக்கையும் சேர்ந்து பேசும். இ-7, அதாவது சீஃப் ஆவது, தேர்வுக் குழு கையில். நீர்மூழ்கிப் பணிக்கும் கடற்பணிக்கும் தனிப் படித்தொகை உண்டு. சில ஆண்டுகள் கப்பல், அப்புறம் கரைப் பணி, மறுபடி கப்பல் என்று சுற்றும். கரைப் பணிக் காலத்தைப் படிப்புக்குப் பயன்படுத்துங்கள். பணியில் இருந்து விலகிய பின் 36 மாதக் கல்வி உதவியும், மத்திய அரசு வேலைகளில் முன்னாள் படைவீரர் முன்னுரிமையும் கிடைக்கும். சட்ட அலுவலகம், மனிதவளம், மருத்துவமனை நிர்வாகம் ஆகிய இடங்களுக்கு யோமனின் அனுபவம் நேராகப் பொருந்தும்.

விலகும் நாளில் டிடி-214 என்ற படிவத்தைத் தருவார்கள். இனி வாழ்நாள் முழுக்க நீங்கள் படையில் இருந்ததற்கு அதுதான் சான்று. இத்தனை ஆண்டு மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்த அதே கண்ணோடு இதையும் பாருங்கள். முதல் கட்டத்தில் பெயர் குடியுரிமைச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடலில் இருந்த காலம், பதக்கங்கள், டால்ஃபின். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் கையெழுத்துப் போடாமல் திருத்தச் சொல்லுங்கள். விலகிய காரணமும் பணித் தன்மையும் குறிப்பிட்டிருக்கும் 'மெம்பர்-4' நகலைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே அந்த ஜன்னலை விட்டு நகருங்கள்.